பச்சைக் கவுனும் பக்கப் பட்டியும்

அந்த ஆல்ட்ரேஷன் கடையில் அவளுக்குப் பெயர் அளவுக்காரி. வாசலில் ஆள் நுழையும்போதே, டேப்பைத் தொடாமல், இடுப்பு முப்பத்திரண்டு, தோள் பதினான்கரை என்று சொல்லிவிடுவாள். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தவர்கள் கால் அங்குலம்கூட வித்தியாசம் கண்டதில்லை. துணி விஷயத்தில் பொய்யும் சொல்லமாட்டாள். போன வருஷத்தைவிட ஒரு சுற்று கூடியிருக்கிறீர்கள் என்று ஒரு வாடிக்கைக்கார அம்மாளிடம் முகத்துக்கு நேரே சொல்ல, அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு, வேறு எந்தத் தையல்காரியையும் நம்ப முடியவில்லை என்று அவளே திரும்பி வந்தாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் அளவே தெரியாமல் போன காலம் ஒன்று வந்தது. பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். சுகப்பிரசவம்தான் என்று கடைசிவரை தைரியம் சொன்ன டாக்டர், ஒரு பகலும் ஒரு இரவும் வலியில் கிடக்கவிட்டு, பிறகு வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுத்தார். எட்டாம் நாள் காயத்தின் ஓரத்தில் சீழ் வைத்துப் பிரிந்துகொண்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் மயக்கமருந்து, மறுபடியும் தையல். கட்டு மாற்றும்போது எட்டிப் பார்த்தவள் நர்ஸிடம் சொன்ன முதல் வார்த்தை, இடதுபக்கம் மூன்று தையல் கோணலாகப் போயிருக்கிறது, எங்கள் கடையில் என்றால் முதலாளி பிரித்துப் போடச் சொல்லியிருப்பார் என்பதுதான். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வலித்தது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் துணிகளோடு சண்டை ஆரம்பித்தது. அலமாரி நிறைய உடைகள் இருந்தும் ஒன்றும் உதவவில்லை. எலாஸ்டிக் வைத்தவை எல்லாம் சொல்லிவைத்தாற்போல் காயத்தின் மேலேயே போய் உட்கார்ந்தன. தலைவழியாகப் போடுகிறவற்றைப் பிள்ளை பசிக்கு அழும்போது கழுத்துவரை தூக்கினால், வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டும் பஞ்சும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் தெரிந்தன. முன்பக்கம் பட்டன் வைத்தவை மார்பில் மூடவில்லை. மூடுகிற அளவுக்குப் பெரியவை அவளைக் கூடாரமாகக் காட்டின. கடைசியில் மிஞ்சியவை கணவரின் பழைய சட்டை ஒன்றும் தொளதொள நைட்டி இரண்டும். அவற்றிலும் மார்பில் பக்கத்துக்கொன்றாய்ப் பால் கறை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், நாக்குதான் நேரம் தெரியாமல் புரளும். நீ எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். பொய் என்றால் அவளுக்கு எட்ட இருந்தே நாற்றம் அடிக்கும். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் அவரே வலிய ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனார். டிரையல் ரூமில் மூன்று பக்கமும் கண்ணாடி. கையை மேலே தூக்கினால் காயம் இழுக்கிறது, குனிந்து காலை நுழைத்தால் அதைவிட இழுக்கிறது. வெளியே நின்ற விற்பனைப் பெண், ஃப்ரீ சைஸ்தான் மேடம், எல்லாருக்கும் பொருந்தும் என்று கதவுக்கு மேலாக ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க வசதியாக இருந்தவை ஆஸ்பத்திரி அங்கிபோல் இருந்தன. அழகாக இருந்தவற்றில் பிள்ளை வாய் வைக்க வழி இல்லை. ஏழாவது உடையைக் கழற்றும்போது மூன்று கண்ணாடியிலும் மூன்று பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள், மாடியில் ஓரகத்தி என்று ஒருத்தி இல்லாமல் இருந்திருந்தால்.

கொழுந்தனின் மனைவி. இவளுக்கு ஐந்து வயது இளையவள். இவளுக்குப் பிள்ளை பிறந்த அதே வாரத்தில் ஆண்பிள்ளை பெற்றவள். வலி எடுத்து மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிப் படியில் தன் காலால் இறங்கி வந்தாள். பத்தாம் நாள் பழைய செருப்பு காலில் சேர்ந்தது. மூன்றாம் வாரம் பழைய இடுப்பும் சேர்ந்தது. மனதுக்குள் அளவுக்காரி அவளுக்கு வைத்திருந்த பெயர் பொம்மை. ஜவுளிக்கடை ஷோகேஸில் நிற்குமே, எதை மாட்டினாலும் பொருந்துமே, அந்தப் பொம்மை.

பால் கொடுக்கும் தாய்மாருக்கென்றே தைத்து விற்கும் கவுன்கள் பொம்மையிடம் மூன்று இருந்தன. மார்புக்குக் கீழே ஒரு மடிப்பு, மடிப்புக்குள் பக்கத்துக்கொன்றாய் ஒளித்துவைத்த ஜிப். பார்த்தால் விருந்துக்குப் போகிற உடை என்றுதான் சொல்வார்கள். அதிலும் ஒரு பச்சைக் கவுன் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் மாடிப்படியில் இறங்கி வந்தால் அளவுக்காரிக்கு வயிறு எரியும். இடுப்பு இருபத்தொன்பதரை என்று கண் தானாகக் கணக்குப் போடும். போடாதே என்றால் கேட்கிற கண்ணா அது.

மாமியார் கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. சின்ன மருமகளைப் பார், பிள்ளை பெற்றவள் மாதிரியா இருக்கிறாள், துணியில் ஒரு சொட்டுக் கறை உண்டா என்பார். பால் கொடுக்க அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்கும், எவ்வளவு அடக்கம் என்று ஒரு பாராட்டு. அளவுக்காரியால் சட்டென்று எழுந்து அறைக்குள் போக முடியாது. கூடத்து நாற்காலியில் தலையணையை மடியில் வைத்து, கூரியர்காரர் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் சட்டையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி கொடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தையும் புட்டிப்பால் குடித்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் பெருமை அடித்துக்கொள்வார். அதற்குச் சாட்சியாக நாற்காலியில் இருந்த இவளைக் கையைக் காட்டுவார்.

இந்த நிலைமையில்தான் மாமனாருக்கு விழா வந்தது. ஒரே அச்சகத்தில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு ஹாலில் பாராட்டுக் கூட்டம், முடிவில் குடும்பத்தோடு மேடையில் போட்டோ. படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று மாமியார் இரண்டு வாரம் முன்பே ஆணிக்கு இடம் பார்த்துவிட்டார். அந்த இடம் பால் கொடுக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. பொம்மைக்குப் பக்கத்தில் கூடாரமாக நிற்கும் தன்னை இனி ஒவ்வொரு வேளையும் பார்த்துக்கொண்டுதான் பால் கொடுக்க வேண்டும் என்பது அளவுக்காரிக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் உறைத்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு படத்தில், அவளைவிட நன்றாக இருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான், அதற்குக் குறைந்து ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம். இரண்டு கொடி. உயரக் கட்டியிருப்பது பொம்மையுடையது. கையைத் தூக்க முடியாதவளுக்காக மார்பு உயரத்தில் கணவர் கட்டிக் கொடுத்தது அளவுக்காரியுடையது. தன் நைட்டிகளை அவள் எப்போதும் மார்புப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பித்தான் காயப்போடுவாள். மேலே காய்கிற கவுன்களுக்கு முன்னால் அந்த மஞ்சள் வட்டங்கள் மானத்தை வாங்கக் கூடாது அல்லவா.

திங்கட்கிழமை மத்தியானம் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். மாடியில் சத்தம் இல்லை. கொடியில் பச்சைக் கவுன் முக்கால்வாசி காய்ந்து தொங்கியது. அளவுக்காரி இரண்டு பக்கமும் பார்த்தாள். பெருக்குமாற்றின் அடிக்கட்டையால் கொடியைத் தாழ்த்தி, கவுனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திருடுவதற்காக இல்லை. தையல் வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொருவர் உடையைப் பிரிக்காமலேயே படி எடுக்கத் தெரியும். அடியில் பழைய செய்தித்தாள், மேலே உடை, தையல் ஓடும் வழியெல்லாம் பல் வைத்த சின்னச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனால் தாளில் புள்ளி புள்ளியாக முழு உடையும் இறங்கிவிடும். கடையில் ஆயிரம் தடவை செய்தது. மேசைமேல் குனிய முடியாததால் நின்றபடி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருட்டினாள். ஜிப் வைத்திருக்கும் விதம் தெரியவேண்டும் என்று கவுனை உள்புறம் திருப்பினாள்.

இரண்டு ஜிப்பின் கைப்பிடியிலும், கம்பெனியில் மாட்டிவிடும் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் அப்படியே இருந்தது. அதை வெட்டினால்தான் ஜிப் இறங்கும். ஒன்றரை மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் போட்டுத் துவைத்த உடை. ஜிப் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

சரி, இது வெளியே போட்டுப் போகிற உடையாக இருக்கும் என்று நினைத்து, கவுனை எடுத்த இடத்திலேயே காயப்போட்டாள். புதன்கிழமை மற்ற இரண்டும் கொடிக்கு வந்தன. மறுபடியும் கொடியைத் தாழ்த்தி உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். அவற்றிலும் வளையம் இருந்தது. மார்புப் பக்கம் துணியை முகர்ந்தும் பார்த்தாள். பால் கொடுப்பவளின் உடை எத்தனை துவைத்தாலும் அந்த இடத்தில் லேசாக விறைத்துப் புளிக்கும். கடைக்கு வரும் துணிகளில் அவள் அறியாத வாசனையா. இங்கே வெறும் சோப்பு வாசனை. அப்போதுதான் சாத்திய கதவு புரிந்தது, கறை படாத துணி புரிந்தது. பொம்மைக்குப் பால் இல்லை. மாடியில் எங்கேயோ புட்டியும் பவுடர் டின்னும் ஒளிந்திருக்கின்றன.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை, அது சந்தோஷம்தான். ஒன்றரை மாதமாகப் பட்ட எரிச்சலுக்கு யாரோ வாயில் சர்க்கரையைப் போட்டதுபோல் இருந்தது. மாமியார் முன்னால் ஒரே வார்த்தை போதும், அந்த ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று. குளிக்கும்போதும் பிள்ளையைத் தட்டும்போதும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இப்போது வேண்டாம், சரியான நேரம் வரட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவள்கூடச் செய்யாத தப்பைச் செய்தாள். சின்னப் பூப்போட்ட நீலத் துணி ஒன்று, ஈரம் பட்டால் தெரியாது என்று கணவரை விட்டு வாங்கிவரச் சொல்லியிருந்தாள். தாளை அதன்மேல் வைத்து, மனதுக்குள் அந்த வாக்கியத்தைச் சுவைத்துக்கொண்டே கத்தரியை ஓட்டினாள். படி எடுத்தது யாருடைய உடை, யாருக்கு வெட்டுகிறோம், எத்தனை அங்குலம் கூட்டவேண்டும் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. தாளில் இருந்த புள்ளி மேலேயே வெட்டினாள். ஊரையே கண்ணால் அளக்கிறவள் தன் உடையை ஓரகத்தியின் உடம்புக்கு வெட்டி வைத்தாள்.

வியாழக்கிழமை தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மார்பைத் தாண்டி இறங்க மறுத்தது. இழுத்து இறக்கினால் இடுப்புத் தையல் நேராகக் காயத்தின்மேல் போய் உட்கார்ந்து கடித்தது. அதே கடையில் அதே துணி இனி இல்லை. விழாவுக்கு இரண்டே நாள். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிள்ளையும் கூட அழுதது. அதற்குப் பால் கொடுத்து, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அலமாரியிலிருந்து டேப்பை எடுத்தாள். மற்றவர்களைக் கண்ணால் அளந்து பழகியவள், பிள்ளை பெற்றபிறகு தன் உடம்பில் டேப் வைத்தது அதுதான் முதல் தடவை. மார்பு நாற்பத்தொன்று. மார்புக்குக் கீழே முப்பத்தாறு. இடுப்பு நாற்பத்திரண்டு, அதுவும் பெல்ட்டோடு. ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு, வேறு யாருடைய அளவோபோல் அதைப் பார்த்தாள். கடைக்கு இப்படி ஒருத்தி வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தபோது, முதல் தடவையாக மூளை வேலை செய்தது.

நீல உடையை இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து அடிவரை பிரித்தாள். நடுவில் இருந்த இடுப்புத் தையலைத் தூக்கி எறிந்து, முன்பக்கத்தை மேலிருந்து கீழாக ஓடும் நீள மடிப்பாக்கினாள். கணவரின் கருநீலச் சட்டை ஒன்று, அவர் ஆசையாக வைத்திருந்தது, அதை வெட்டி இரண்டு பக்கமும் அகலப் பட்டியாக வைத்தாள். பூத்துணியும் கருநீலப் பட்டியும் சேருகிற இடத்தில், மடிப்புக்குள், நெஞ்சு உயரத்தில் பக்கத்துக்கொரு திறப்பு. எந்தப் பக்கம் பிள்ளை கேட்டாலும் அந்தப் பக்கம் விரலை விட்டால் போதும், வயிறு வெளியே தெரியாது. காயத்தின்மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. பார்க்கிறவர் கண் நடுவில் இருக்கும் பூத்துணியோடு நின்றுவிடும். கருநீலம் பக்கத்தோடு ஒதுங்கிப்போய் உடம்பைப் பாதியாகக் காட்டியது. போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றாள். பொய் சொல்லத் தெரியாத கண் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றது. கணவர் வந்து சட்டையைத் தேடினார். பிறகு அவளைப் பார்த்துவிட்டுத் தேடுவதை நிறுத்தினார்.

சனிக்கிழமை ஹாலில் அவள் நினைத்தது நடந்தது. அச்சகத்துக்காரர்களின் மனைவிமார் இரண்டு பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். மாமியார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அவர் வாயில் அது பெரிய பரிசு. எல்லாவற்றையும்விட, பச்சைக் கவுனில் வந்திருந்த பொம்மை ஓரக்கண்ணால் இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்க்கட்டும் என்று அளவுக்காரி அந்தப் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஆறாவதாகப் பேச வந்தவர் அச்சு எந்திரத்தின் சரித்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். கொழுந்தன் சிறப்பு விருந்தினரைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அளவுக்காரியின் மகள் வயிறு நிரம்பிக் கணவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தரை மணிக்குப் பொம்மையின் பிள்ளை சிணுங்கியது, பிறகு அழுதது, பிறகு வீறிட்டது. பொம்மை எழுந்து வாசல்வரை நடந்தாள், வாசலில் கார் வருகிறதா என்று பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். புட்டிப் பை காருக்குள் போய்விட்டது என்பது அந்த ஹாலில் இரண்டே பேருக்குத் தெரிந்தது. ஒருத்தி அவள். இன்னொருத்தி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படி அலையறே? ஜிப் வச்ச கவுன்தானே, அப்படியே உக்காந்து குடு. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கம்பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பொம்மை உட்கார்ந்தாள். கை மார்புக்குக் கீழே மடிப்புவரை போனது, அங்கேயே நின்றது. விரல் ஜிப்பைப் பிடித்திருந்தது, ஆனால் இழுக்கவில்லை. பிள்ளை தலையை அவள்மேல் மோதி மோதி அழுதது.

சரியான நேரம் வந்துவிட்டது. நாலு நாளாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அளவுக்காரி எழுந்து அவர்கள் பக்கம் போனாள், வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போனாள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை வீறிட்ட வீறிடலுக்கு, அவளைக் கேட்காமலேயே, மார்பு இரண்டும் சுருக்கென்று இறுகிப் பால் இறங்கிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை, அதன் அம்மாவின் இடுப்பு எவ்வளவு என்றெல்லாம் அது பார்க்கவில்லை. நீலப் பூத்துணி நனைவதை அவள் உணர்ந்தாள். அதன்பிறகு வாயிலிருந்து வந்தது வேறு வாக்கியம்.

"அந்த ஜிப் திறக்காது அத்தை. பல்லு சிக்கியிருக்கு. இப்ப இழுத்தா துணி கிழிஞ்சிரும்" என்றாள். கடைக்கும் இதேபோல் நாலு கவுன் வந்தது என்று சேர்த்துச் சொன்னாள். பிறகு கையை நீட்டி, "புள்ளையை இங்க குடு" என்றாள்.

துணியைப் பற்றி அவள் சொன்னால் மறுபேச்சு உண்டா. காசைக் கொட்டி வாங்கின கவுன், ஜிப்பைப் பார் என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு மாமியார் மேடையைப் பார்க்கத் திரும்பினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து துணி விஷயத்தில் அளவுக்காரி சொன்ன முதல் பொய் அது. முதல் பொய்யே பழுதில்லாமல் ஓடிவிட்டது.

புட்டிக்குப் பழகிய பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, கடித்தது, மறுபடி அழுதது. பால் தானாகப் பீய்ச்சி வாயில் விழவும் ஒரு கணம் திகைத்துப் பார்த்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. அது மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் பக்கத்து நாற்காலிவரை கேட்டது. அளவுக்காரிக்குள் ஜெயித்துவிட்ட கர்வம் எழுந்தது. பாவம் பார்த்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அது முழுக்க முழுக்க கர்வம். இடுப்பு உன்னுடையது, இது என்னுடையது என்று சொல்வதுபோல் தலையை நிமிர்த்திப் பொம்மையைப் பார்த்தாள்.

பொம்மை நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்திருந்தாள். அந்த முகத்தில் நன்றி இல்லை. தன் பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அளவுக்காரிக்குப் பழக்கமானது. பச்சைக் கவுன் மாடிப்படியில் இறங்கும் நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்துவந்த பார்வை. கர்வம் வந்த வழியே போயிற்று.

சிறப்பு விருந்தினர் வந்ததும் போட்டோகிராஃபர் எல்லோரையும் அவசரமாக மேடைக்கு ஏற்றினார். துடைக்கக்கூட நேரம் இல்லை.

மறுநாள் காலை பின்முற்றத்தில் அளவுக்காரி நைட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொம்மை கையில் பச்சைக் கவுனோடு வந்து நின்றாள்.

"அன்னிக்கு நீங்க இதை எடுத்தது எனக்குத் தெரியும்க்கா. நான் தோள்லதான் கிளிப் போடுவேன். சாயங்காலம் வந்து பாத்தா அடி மடிப்புல போட்டிருந்துச்சு."

அடி மடிப்பில் கிளிப் போடுவது தையல்காரர்களின் வழக்கம், தோள் இழுபடாது. மாட்டிக்கொண்ட அளவுக்காரி, அப்போதே ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டா ஜிப்பைப் பத்தி நீங்க திருப்பிக் கேப்பீங்களே." பொம்மை கவுனை மடித்தாள், மறுபடி பிரித்தாள். முதல் வாரம் கொஞ்சம் பால் வந்தது, பிறகு நின்றுவிட்டது, மருந்து மாத்திரை எல்லாம் தின்றாயிற்று என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கூடத்து நாற்காலியில் இவள் பால் கொடுப்பதைக் கடந்து போகக்கூட முடியாமல்தான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பிறகு கையை நீட்டி, கொடியில் திருப்பிப் போட்டிருந்த நைட்டியின் மார்புப் பக்கத்தைத் தொட்டாள். "தினமும் நீங்க உள்ள போனப்புறம் வந்து இதைத் திருப்பிப் பாப்பேன். ரெண்டு பக்கமும் வட்டமா, எவ்வளவு பால். எனக்கு வயிறு எரியும்க்கா. ஒருநாள் இதைக் கிழிச்சுப் போட்டுரலாமான்னுகூட நெனச்சேன்."

அந்தக் கறையை இவள் கண்ணில் படாமல் மறைக்கத்தான் தினமும் நைட்டியைத் திருப்பிக் காயப்போட்டோம் என்று அளவுக்காரி சொல்லவில்லை. கிழித்திருந்தால் போட்டுக்கொள்ள இன்னொன்றுதான் இருந்திருக்கும் என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அளவுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இன்னும் வலி இருந்தது.

பொம்மை கவுனை அவள் கையில் கொடுத்து, இரண்டு ஜிப்பையும் எடுத்துவிட்டு மூடித் தைத்துத் தரச் சொன்னாள். எடுத்தால் அத்தைக்குத் தெரிந்துவிடுமே என்றாள் அளவுக்காரி. "தெரியட்டும்" என்றாள் பொம்மை.

அன்று மத்தியானமே பிரித்தாள். இரண்டு பிளாஸ்டிக் வளையங்களையும் வெட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். மடிப்பை மடிப்போடு சேர்த்து, பழைய தையல் எங்கே புதிய தையல் எங்கே என்று யாரும் சொல்ல முடியாதபடி மூடினாள். புட்டி மாடியிலிருந்து சமையலறை அலமாரிக்கு இறங்கி வந்தது. மாமியார் இரண்டு நாள் அதைப் பார்க்காததுபோல் நடந்தார். மூன்றாம் நாள், வெந்நீர் ஆறிப்போச்சு, இப்படியா பிள்ளைக்குக் கொடுப்பது என்று திட்டிக்கொண்டே தானே கலக்கிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் என்று ஆரம்பிக்கும் அந்தப் பெருமை மட்டும் அதன்பிறகு காதில் விழவில்லை.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பச்சைக் கவுன் படியில் இறங்கினால் கண் இன்றும் இருபத்தொன்பதரை என்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. மாமனார் நடுவில் மாலையோடு கேமராவைப் பார்க்கிறார். மாமியார், இரண்டு மகன்கள், தூங்குகிற பிள்ளைகள்கூடக் கேமராப் பக்கமே முகம் வைத்திருக்கிறார்கள். மருமகள்கள் மட்டும் பார்க்கவில்லை. நீல உடைக்காரியின் கண் பச்சைக் கவுனின் இடுப்பில் இருக்கிறது. பச்சைக் கவுன்காரியின் கண் நீலப் பூத்துணியில், உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த ஈரத்தில் இருக்கிறது. ஈரம் தெரியாத துணி என்று பார்த்து வாங்கியதுதான், அன்றைக்கு இறங்கிய பாலுக்கு அது தாங்கவில்லை.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணைத் திருப்ப முடியாவிட்டாலும் அந்தக் கறையையாவது அழித்துத் தரச் சொல்லலாம், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலையாம் என்றார். அளவுக்காரிக்கு அதில் முழுச் சம்மதம். ஒரே ஒரு படத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட படம் அல்லவா. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"அதை அழிக்க வேண்டாம் அத்தை" என்றாள் பொம்மை. "என் புள்ள குடிச்சது அது."

அளவுக்காரி வாயை மூடிக்கொண்டு, படத்தை மாட்ட ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.